நம்ம தோட்டம் எந்தக் கிலோமீட்டர்ல வருதுன்னு யாராச்சும் சொல்லுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கமுங்க.

ஆனைமலைப் பக்கம் காட்டுப்பன்னி பூந்து தென்னங்கன்னு முச்சூடும் நோண்டிப்போட்டுதுன்னு உங்க பேப்பர்ல போட்டோவோட ஒரு சேதி வந்துச்சு. நல்லாத்தான் எழுதியிருந்தாங்க, ஆனா கடைசில "பாதிக்கப்பட்ட விவசாயிகள் வனத்துறையை அணுகலாம்"னு ஒரே வரில முடிச்சுப்போட்டாங்க. அந்த அணுகறது எப்புடின்னு தெரியாமத்தான் நான் இந்த லெட்டர் எழுதறேன், கொஞ்சம் நீளமாப் போகும், வெட்டாம போட்டீங்கன்னா உபகாரமா இருக்கும்.

நமக்குப் பூர்வீகம் பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறை பக்கமுங்க. அங்க பாதிக்கு மேல தமிழ் வீடுதான், உங்க வாசகர்களுக்குத் தெரியும், சித்தூர் தாலூக்கா முழுக்க நம்ம ஆளுங்க பண்ணையம் பண்றாங்க, ஆளியாத்துத் தண்ணி அங்கயும் பாயுது. பாகம் பிரிச்சப்புறம் நான் இக்கட்ட வந்து ஆனைமலைக்குப் பக்கத்துல ஒரு தென்னந்தோப்பு வாங்கி சாளை போட்டு குடி வந்துட்டேன். ஒரு தோட்டத்துல இருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கார்ல ஒரு மணி நேரம் கூட ஆகாது. மண்ணு ஒண்ணு, மரம் ஒண்ணு, நோவு கூட ஒண்ணுதான், வெள்ளை ஈ அங்கயும் இருக்குது இங்கயும் இருக்குது. பன்னியும் அதே பன்னிதான். மாறுனது சட்டம் மட்டும்.

அக்கட்ட எப்புடின்னு மொதல்ல சொல்லிர்றேன், ஏன்னா இங்க நெறைய பேரு "கேரளாவுல யாரு வேணாலும் சுடலாமாம்"னு டீக்கடைல பேசறாங்க, அது தப்பு. 2022 மே மாசத்துல கேரள அரசு ஒரு முடிவெடுத்து பஞ்சாயத்து பிரசிடெண்ட், முனிசிபாலிட்டி சேர்மன், மாநகராட்சி மேயர் இவங்களுக்கெல்லாம் கௌரவ வனவிலங்கு வார்டன்னு ஒரு அதிகாரம் குடுத்துச்சு. வெள்ளாமைய அழிக்கற பன்னிய சுடறதுக்கு அவங்க உத்தரவு போடலாம். சுடறவரு லைசென்ஸ் துப்பாக்கி வெச்சிருக்கோணும், பஞ்சாயத்துல பேரு இருக்கோணும். விஷம் வெக்கக்கூடாது, வெடி வெக்கக்கூடாது, கரண்ட் வெக்கக்கூடாது. செத்த பன்னிய முறையாப் பொதைக்கோணும், கணக்கு எழுதோணும், கறி எடுத்தா கேஸ். அந்த உத்தரவ ஒரு வருஷத்துக்குன்னு போட்டு அப்புறம் நீட்டிக்கிட்டே வர்றாங்க. நம்மூருல பன்னி வந்துச்சுன்னா காலைல பிரசிடெண்டுக்கு ஒரு போன், அவரு நம்மளுக்கு ஓட்டு கேட்டு வந்த மனுசன், நாளைக்கும் வருவாரு, அதனால எடுக்காம இருக்க முடியாது. எல்லா பஞ்சாயத்துலயும் இது ஒழுங்கா நடக்குதுன்னு சொல்ல மாட்டேன், சுடறதுக்கு ஆள் கெடைக்காம பல ஊர்ல உத்தரவு பேப்பர்லயே கெடக்குது, துப்பாக்கிக்காரருக்குப் பெட்ரோல் காசு யாரு குடுக்கறதுன்னே சண்டை. ஆனா யாருகிட்ட போகோணும்ங்கறது சின்னப் பையனுக்குக் கூட தெரியும்.

இனி இக்கட்ட. தமிழ்நாட்டுல 2025 ஜனவரில ஒரு ஜிஓ, அதாவது அரசாணை, வந்துச்சு, சட்டசபைல அப்போ வனத்துறை அமைச்சரா இருந்த பொன்முடி அறிவிச்சாரு, உங்க பேப்பர்லயும் மொதப் பக்கத்துல போட்டிருந்தீங்க. அதுல தூரத்த வெச்சு மூணு மண்டலமாப் பிரிச்சிருக்காங்க. காப்புக்காட்டு எல்லைல இருந்து 1 கிலோமீட்டருக்குள்ள பன்னி வந்தா சுடக்கூடாது. 1ல இருந்து 3 கிலோமீட்டருக்குள்ளன்னா சுடாம புடிச்சுக் கொண்டு போய் காட்டுக்குள்ள விடுவாங்க. 3 கிலோமீட்டருக்கு அக்கட்டன்னா சுடலாம், ஆனா சுடறது வனத்துறை ஆளுங்கதான், நம்மளோ நம்ம துப்பாக்கிக்கார ஒரம்பரையோ கெடையாது. அதுக்கு கிராம அளவுல ஒரு கமிட்டி, வனத்துறை ஆளு, விஏஓ, ஊராட்சித் தலைவர் மூணு பேரும் சேர்ந்து பாத்து சொல்லோணும்.

எனக்கு இந்த ஜிஓ மேல கோவம் இல்லீங்க, படிச்சுப் பாத்தா கேரளா உத்தரவ விட இதுல யோசனை அதிகம்னு தோணுது. காட்டோரத்துல இருக்கற பன்னி காட்டுப் பன்னிதான், புலிக்கும் சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் அதுதான் சோறு, அத அங்க போயி சுட்டா ரவைக்கு சிறுத்தை நம்ம தொண்டுப்பட்டிக்குத்தான் வரும், ஆட்டுக்காரங்களுக்கு இத சொல்லித் தரத் தேவையில்ல. ஆனா 10 கிலோமீட்டர் தள்ளி வத்துன குட்டைலயும் ஓடையோர சீமைக்கருவேலத்துக்குள்ளயும் குடும்பம் நடத்தற பன்னி காட்டையே பாத்திருக்காது, அங்கயே பொறந்து அங்கயே குட்டி போட்டு, ஒரு ஈத்துக்கு நாலு அஞ்சுன்னு பெருகி, வாழைக்காட்டுல இருந்து குச்சிக்கிழங்குக் காட்டுக்கும் அங்கிருந்து கடலைக் காட்டுக்கும் போயிட்டு வந்துட்டு இருக்குது. அது வேற கணக்கு, இது வேற கணக்குன்னு பிரிச்சது சரிதான்.

என்னோட கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். என் தோட்டம் எந்தக் கணக்குல வருது?

நெசமாலுமே இது யாருக்கும் தெரிய மாட்டேங்குதுங்க. போன்ல மேப்ப எடுத்து வெச்சு வெரல்ல இழுத்து அளந்து பாத்தேன், பச்சையா இருக்கறதெல்லாம் காப்புக்காடா? தென்னந்தோப்பும் பச்சையாத்தான் தெரியுது, தனியார் எஸ்டேட்டும் பச்சையாத்தான் தெரியுது. ரோட்டு வழியா அளக்கோணுமா, காக்கா பறக்கற மாதிரி நேரா அளக்கோணுமா? தோட்டத்தோட கெழக்கு மூலை 3 கிலோமீட்டருக்கு வெளிய, மேக்கு மூலை உள்ளன்னா எந்த மூலைல பன்னி நிக்குதோ அந்த மூலை சட்டமா? சிரிக்காதீங்க, பக்கத்துத் தோட்டத்து அண்ணனும் நானும் இதப் பத்தி ராத்திரிக் காவல்ல உக்காந்து மணிக்கணக்காப் பேசியிருக்கோம். ஒரு ஆபீஸ்ல கேட்டா நீங்க ரெண்டாவது மண்டலம்னாங்க, இன்னொரு ஆபீஸ்ல கேட்டா மொதல்ல மனு குடுங்க, பாத்துட்டு சொல்றோம்னாங்க. மனு குடுக்கறதுக்கு முன்னால எந்த மண்டலம்னு தெரிஞ்சாத்தானே என்ன மனு குடுக்கறதுன்னு தெரியும், சுடச் சொல்லிக் கேக்கறதா, கூண்டு கேக்கறதா, இல்ல எதுவும் கெடையாது வேலிதான் போடோணும்னு மனச தேத்திக்கிட்டு வேலிக்குக் கடன் வாங்கறதா?

கமிட்டி விஷயம் இன்னும் கொஞ்சம் வேடிக்கை. கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடுன்னு நம்ம ஜில்லாக்கள்ல ஊராட்சித் தலைவருங்க பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ம் தேதியோட முடிஞ்சு தனி அலுவலருங்க கைக்குப் போச்சு. பன்னி ஜிஓ வந்ததும் அதே ஜனவரிதான். கமிட்டில தலைவருக்கு ஒரு நாற்காலி போட்ட அதே மாசத்துல அந்த நாற்காலில உக்கார ஆளு இல்ல! அவருக்குப் பதிலா தனி அலுவலர் வருவாருன்னா அவரு தலைல எத்தன ஊராட்சி இருக்கும், பன்னி நோண்டுன குழியப் பாக்க நடு மத்தியானத்துல அவரு எங்க தோப்புக்கு எப்ப வருவாரு. கொழிஞ்சாம்பாறைல இருந்து வந்தவனுக்கு இதுதான் ரொம்ப வித்தியாசமாப் பட்டுது, அங்க முழு அதிகாரமும் எந்த ஆளுகிட்ட இருந்துச்சோ இங்க அந்த ஆளே காணோம்.

சரி, ஒரே நாடு, ஒரே வனவிலங்குச் சட்டம், அப்புறம் ஏன் பார்டர் தாண்டுனா மாறுதுன்னு எங்கூட்டு அம்மிணி கேட்டுது. காலேஜ் படிக்கற புள்ள, விடாது. தெரிஞ்ச வக்கீல் ஒருத்தரக் கேட்டு வெளங்கிக்கிட்டத சொல்றேன். 1972-ம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்தியா முழுக்க ஒண்ணுதான். அதுல பாதுகாக்கற பிராணிங்களுக்குன்னு அட்டவணை இருக்குது, காட்டுப்பன்னி இப்ப ரெண்டாவது அட்டவணைல இருக்குது, 2022-ல திருத்துறதுக்கு முன்னால மூணாவதுல இருந்துச்சு. 11-வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, அந்த அட்டவணைல இருக்கற ஒரு பிராணி மனுச உசிருக்கோ சொத்துக்கோ, நெலத்துல நிக்கற வெள்ளாமைக்கோ ஆபத்தா ஆயிருச்சுன்னா, அந்தந்த ஸ்டேட்டோட தலைமை வனவிலங்கு வார்டனோ அவரு அதிகாரம் குடுத்த ஆபீசரோ எழுத்துல காரணம் சொல்லி வேட்டைக்கு அனுமதி தரலாம். அந்த "அதிகாரம் குடுத்த ஆளு" யாருங்கறதுலதான் முழு வித்தியாசமும். கேரளா பஞ்சாயத்து கைல குடுத்துச்சு, தமிழ்நாடு தன் ஆபீசருங்க கைலயே வெச்சுக்கிச்சு. வெர்மின், அதாவது தொல்லை குடுக்கற பிராணின்னு அறிவிச்சு யாரு வேணாலும் கொல்லலாம்னு விடற அதிகாரம் 62-வது பிரிவுல மத்திய அரசு கைல மட்டும் இருக்குது. 2015, 2016-ல பீகாருக்கும் உத்தரகாண்டுக்கும் பன்னிக்கு அப்புடி ஒரு வருஷம் குடுத்தாங்க, கேரளா பல தடவ கேட்டும் குடுக்கல. அதனால மேப்புல பக்கத்துப் பக்கத்துல இருக்கற மூணு ஸ்டேட்ல மூணு விதமா இருந்தாலும் சட்டப்படி தப்பில்ல. மயில் கதை தனி, அது மொத அட்டவணை, அதோட தேசியப் பறவை, அதப் பத்திப் பேச ஆரம்பிச்சா இந்த லெட்டர் முடியாது, தக்காளி போட்டவங்க யாராவது எழுதட்டும்.

அப்பறம் ஒண்ணு. எங்க பங்காளி பையன் ஒருத்தன் அமெரிக்காவுல மின்னசோட்டாங்கற ஸ்டேட்ல இருக்கான், கம்ப்யூட்டர் வேலை. நான் போன்ல இந்தப் பன்னிப் புராணத்தப் பாடவும் அவன் சிரிச்சுக்கிட்டே அவங்க தெருக்காரரு ஒருத்தரப் பத்திச் சொன்னான். அந்த மனுசன் கொலராடோல இருந்து குடி வந்தவராம். அங்கெல்லாம் குளிர்காலத்துல நரி, நீர்நாய், பீவர் இதையெல்லாம் பொறி வெச்சுப் புடிச்சு தோல விக்கறது இன்னும் ஒரு வேலையா இருக்குதாம், குளிர்ல முடி அடர்த்தியா இருக்கும்ங்கறதால அந்த சீசன்லதான். கொலராடோல 1996-லயே ஜனங்க ஓட்டுப் போட்டு கால புடிக்கற இரும்புப் பொறி, சுருக்குக் கம்பி, விஷம் இதுக்கெல்லாம் தடை போட்டுட்டாங்களாம், சில விதிவிலக்கோட. மின்னசோட்டால அதே பொறிக்குத் தடை இல்ல, ஆனா லைசென்ஸ் எடுக்கோணும், எந்தப் பிராணிக்கு எந்தத் தேதில இருந்து எந்தத் தேதி வரைக்கும்னு இருக்குது, பொறில வெச்சவரு அடையாளம் இருக்கோணும், தரைல வெச்ச பொறிய தெனமும் ஒருக்காப் போயி பாக்கோணும், புடிபட்டது தவிச்சுக்கிட்டுக் கெடக்கக்கூடாதுன்னு. கலிபோர்னியால 2019-ல தோலுக்காகப் பொறி வெக்கறதையே ஒட்டுமொத்தமா நிறுத்திட்டாங்க. நியூ மெக்சிகோல 2022-ல இருந்து அரசாங்க நெலத்துல பொறியே கூடாது. ஒவ்வொரு ஸ்டேட்டுக்கும் ஒவ்வொரு மாதிரி.

தோலுக்குப் பிராணியப் புடிக்கறது நமக்கு ஒத்து வராத சமாச்சாரம், அந்த நியாய அநியாயத்துக்குள்ள நான் போகல. நான் கேட்டது வேற. வேற ஸ்டேட்ல இருந்து புதுசா வந்த ஆளு இதையெல்லாம் எப்புடிப்பா தெரிஞ்சுக்கிட்டாருன்னு கேட்டேன். வருஷா வருஷம் அந்த ஸ்டேட் ஒரு புஸ்தகம் போடுதாம், சும்மாவே கெடைக்குமாம், நெட்லயும் இருக்குமாம், அதுல எந்தப் பிராணி, எந்தத் தேதி, எந்த ஏரியா, என்ன மாதிரிப் பொறி, யாருக்கு போன் பண்றது எல்லாம் மேப்போட இருக்குமாம். குடி வந்தவரு ஒரு சாயங்காலம் உக்காந்து படிச்சாரு, கொலராடோல பழகுன பழக்கத்த மாத்திக்கிட்டாரு, முடிஞ்சுது. இங்க நான் கேக்கறதும் அவ்வளவுதான். ரூல் வேற வேறயா இருந்துட்டுப் போகட்டும், எழுதி கைல குடுங்க.

இது பெரிய விஷயமான்னு டவுன்ல இருக்கற வாசகர்களுக்குத் தோணலாம். தெரியாம இருக்கறதால என்ன நடக்குதுன்னு பாருங்க. வழி தெரியாதவன் வேலில நேரா கரண்ட் குடுக்கறான். 2023 மார்ச்சுல தருமபுரி மாரண்டஹள்ளி பக்கம் பன்னிக்குன்னு வெச்ச கம்பில மூணு யானை செத்துப் போச்சு, ரெண்டு குட்டி தாய சுத்திச் சுத்தி நின்னத நாடே டிவில பாத்துச்சு. எங்க பாலக்காட்டுல மட்டும் சும்மாவா, 2022 மே மாசம் முட்டிக்குளங்கரைல போலீஸ்காரங்க ரெண்டு பேரு வயல்ல பன்னிக் கம்பில மாட்டி செத்தாங்க, 2023 செப்டம்பர்ல கரிங்கரப்புள்ளில ரெண்டு எளவட்டப் பசங்க. பிரசிடெண்ட் உத்தரவு போடற ஊருலயே இப்புடின்னா, உத்தரவு போட ஆளு இல்லாத ஊருல என்ன ஆகும்னு நெனச்சுப் பாருங்க. அவுட்டுக்காய் இன்னொரு எழவு. பழத்துக்குள்ள, கொழுப்புக்குள்ள வெடிய வெச்சு பன்னி போற தடத்துல போட்டுட்டுப் போயிர்றாங்க, பன்னி கடிச்சா பன்னி, மாடு கடிச்சா மாடு, யானை கடிச்சா வாய் கிழிஞ்சு பசிலயே கெடந்து சாகுது. 2020 மே மாசம் மண்ணார்க்காடு பக்கம் வயித்துல குட்டியோட ஒரு யானை ஆத்துத் தண்ணிக்குள்ள நின்னபடியே செத்தது யாருக்கும் மறந்திருக்காது. அவுட்டுக்காய் போடறவன் பெரும்பாலும் கறிக்குப் போடறவன், விவசாயி இல்ல, ஆனா "சுட்டா கேஸு, புடிக்க ஆளு வராது"ன்னு வெறுத்துப் போன விவசாயி கண்டுங்காணாம இருந்துக்கறான், அதுதான் அவனுக்கு எடம் குடுக்குது. இத ஒத்துக்கத்தான் வேணும். அனுமதி இல்லாம பன்னியக் கொன்னா 3 வருஷம் வரைக்கும் ஜெயிலு, 1 லட்ச ரூபா வரைக்கும் ஃபைனு, கரண்ட் திருட்டு கேஸ் தனி, மனுச உசிரு போச்சுன்னா சொல்லவே வேண்டாம்.

வேலின்னதும் ஞாபகம் வருது. கொழிஞ்சாம்பாறைல சோலார் வேலி போட்டவங்க பல பேரு, கடைக்காரன் வந்து மாட்டிட்டுப் போவான். அதே நெனப்புல இங்க வந்து போடக்கூடாதுங்க. தமிழ்நாட்டுல 2023-ல மின்வேலிக்குன்னு தனி விதிகளே வந்துருச்சு, காட்டுக்குப் பக்கத்து நெலத்துல சோலார் வேலி போடறதுன்னா முன்கூட்டி அனுமதி வாங்கோணும், ஏற்கனவே போட்டதயும் பதிவு பண்ணோணும், வேலிக்கு கரண்ட் குடுக்கற மிஷின் பிஐஎஸ்ங்கற இந்தியத் தர அமைப்பு சொல்ற தரத்துல இருக்கோணும். தட்டுனா உதறி விடற கரண்டுக்கும் கொல்ற கரண்டுக்கும் வித்தியாசம் அந்த மிஷின்லதான் இருக்குது. இதக் கூட நான் தெரிஞ்சுக்கிட்டது வேலிக்காரன் சொல்லியில்ல, அவன் சொன்னது "அதெல்லாம் ஒண்ணும் கேக்க மாட்டாங்கண்ணா, நாங்க பாத்துக்கறோம்". உடுமலை பக்கம் இருக்கற ஒரு பெரியவரு சொல்லித்தான் தெரியும். நம்ம ஊர்ல முக்காவாசி சட்டம் இப்புடித்தான் வாய் வழியா வருது, வர்ற வழில கொஞ்சம் மாறியும் போயிருது.

பார்டர்ல இருக்கற இன்னொரு சிக்கல். அக்கட்டத் தோட்டத்துல எங்க அண்ணன் இன்னும் பண்ணையம் பண்றாரு, அவரு பஞ்சாயத்துல லைசென்ஸ் துப்பாக்கிக்காரங்க லிஸ்ட் இருக்குது. "ஏன்டா, ஒரு நாள் ராத்திரி ஆளக் கூட்டிட்டு வர்றேன், முடிச்சுத் தர்றேன்"னு பாசமாத்தான் சொன்னாரு. அந்த பிரசிடெண்ட் உத்தரவு அந்தப் பஞ்சாயத்து எல்லையோட நின்னு போச்சு, மீனாட்சிபுரம் தாண்டுனா அது வெறும் பேப்பர், துப்பாக்கியோட வர்றவரு வேட்டைக்காரராத்தான் எழுதப்படுவாரு, நானும் கூட. வேண்டாம்னு சொல்லிட்டேன். ஆனா இந்த மாதிரி பாசத்துல கூப்பிட்டு வம்புல மாட்டறவங்க கோபாலபுரம், வேலந்தாவளம், ஆனைகட்டி, வாளையாறுன்னு எல்லைல எத்தன பேரோ. ரெண்டு பக்கமும் சொந்தம், ரெண்டு பக்கமும் நெலம், கல்யாணம் காச்சிக்குத் தெனமும் போயி வர்ற ஜனம். அங்க சரியா இருக்கறது இங்க குத்தம்னு ஒரு போர்டு கூட இல்ல. சாராய பாட்டிலு கொண்டு வராதேன்னு போர்டு இருக்குது, கோழி கழிவு கொண்டு வராதேன்னு செக் போஸ்ட்ல வண்டிய நிறுத்தறாங்க, இதுக்கு மட்டும் இல்ல.

இப்ப நான் கேக்கறத சொல்லிர்றேன். நம்ம நெலத்தோட பட்டா, சிட்டா, வரைபடம் எல்லாம் இப்ப நெட்லயே சர்வே நம்பர் போட்டா வந்துருது, அரசாங்கம் பண்ணுன நல்ல காரியத்துல அதும் ஒண்ணு. காப்புக்காட்டு எல்லை வனத்துறைகிட்ட அளந்து வெச்சது இருக்குது. ரெண்டையும் சேத்து வெச்சு, சர்வே நம்பரத் தட்டுனா இந்த நெலம் 1 கிலோமீட்டருக்குள்ளயா, 3-க்குள்ளயா, வெளியவான்னு காட்டற மாதிரி பண்ண முடியாதா? ஒரு எஞ்சினியர் பையன உக்கார வெச்சா ஆகற வேலைன்னு எங்க அம்மிணி சொல்லுது. நெட் தெரியாதவங்களுக்கு விஏஓ ஆபீஸ் செவுத்துல ஊர் மேப்பு ஒண்ண ரெண்டு கோடு போட்டு ஒட்டி வெச்சாப் போதும். அந்த மேப்புக்குக் கீழயே கமிட்டில இருக்கற மூணு பேரு யாரு, போன் நம்பர் என்ன, தலைவர் இல்லாத ஊருல அவருக்குப் பதிலு யாரு, மனு குடுத்தா எத்தன நாளைக்குள்ள வந்து பாப்பாங்கன்னு எழுதோணும். நாள் கணக்கு ரொம்ப முக்கியமுங்க, குச்சிக்கிழங்கு நெலத்துல பன்னி பூந்து மூணாம் நாளு பாக்க வந்தீங்கன்னா அங்க பாக்கறதுக்கு ஒண்ணும் இருக்காது. அப்புறம் ரெண்டாவது மண்டலத்துக்காரங்களுக்கு ஒரு வார்த்தை. புடிச்சு காட்டுல விடுவோம்னு ஜிஓல இருக்குது, சரி, கூண்டு எங்க இருக்குது, ஒரு வனச்சரகத்துக்கு எத்தன கூண்டு, மயக்க ஊசியா வலையா, எங்க கொண்டு போயி விடுவீங்க? டாப்ஸ்லிப் பக்கம் விட்ட பன்னி மறுபடியும் சேத்துமடைக்கு எறங்கி வர எத்தன நாள் ஆகும்னு அந்தக் காட்ட சுத்தி இருக்கறவங்களக் கேளுங்க. சுடறது லேசு, புடிக்கறதுதான் கஷ்டம், ஆனா சட்டம் அதிகமா நம்புறது புடிக்கறதத்தான், நடுவுல மாட்டுனவங்க நாங்க.

எல்லா ஆபீசரும் மோசம்னு நான் எழுதறதா நெனச்சுக்க வேண்டாம். ராத்திரில யானை எறங்குனா அதே வனத்துறைப் பசங்கதான் ஜீப்புல பட்டாசோட ஓடி வர்றாங்க, மழைல நின்னு வெரட்டறாங்க, அவங்களும் கொஞ்சம் பேருதான் இருக்காங்க, அந்தக் கொஞ்சம் பேருகிட்டயே பன்னிய சுடற வேலையும் புடிக்கற வேலையும் கட்டி விட்டா எப்புடி நடக்கும்? அதனால 3 கிலோமீட்டருக்கு வெளிய இருக்கற ஊருங்கள்லயாவது வனத்துறை மேற்பார்வைல, லைசென்ஸ் இருக்கற, சோதிச்சு எடுத்த ஆளுங்களப் பட்டியல் போட்டு சேத்துக்கலாம், கேரளாவுல நல்லது கெட்டது ரெண்டையும் மூணு நாலு வருஷமா பாத்தாச்சு, நல்லத மட்டும் எடுத்துக்கறதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணும் இல்ல. அங்க அவங்க 2025-ல சட்டசபைல தனித் திருத்த மசோதாவே நிறைவேத்தற அளவுக்குப் போயிட்டாங்க, அது சரியா வருமா வராதான்னு எனக்கு சந்தேகம்தான், நான் அவ்வளவு தூரம் கேக்கல.

உங்க நிருபருக்கும் ஒரு விண்ணப்பம். அடுத்த தடவ பன்னி சேதி போடறப்ப "அணுகலாம்"னு விட்டுப்போடாம, அந்த ஊரு எந்த மண்டலம், யாரு நம்பருக்குக் கூப்பிடோணும்னு கேட்டுப் போடச் சொல்லுங்க. வனத்துறைல யாராச்சும் இதப் படிச்சுட்டு ஆனைமலை, கோட்டூர், வேட்டைக்காரன்புதூர் பக்கத்து ஊருகளுக்கு மட்டுமாவது அந்த மேப்ப ஒட்டுனாங்கன்னா, எங்க எங்க ஒட்டியிருக்குதுன்னு நானே உங்களுக்கு எழுதறேன்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறைல இருந்து வந்த ஒரு தென்னை விவசாயி,
ஆனைமலை தாலுக்கா.